தொடாமலே விழும் மாணவர்கள்

2017 ஏப்ரலில் செங்டு நகரில் நடந்த அந்தச் சண்டையின் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் சு ஷியாவ்தொங், எம்எம்ஏ வீரர். மறுபக்கம் வெய் லெய், தாய்ச்சி ஆசான். உள்ளங்கையில் நிற்கும் புறாவைப் பறக்கவிடாமல் உள்சக்தியால் பிடித்து வைப்பவர் என்று தொலைக்காட்சியில் காட்டப்பட்டவர். அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆசான் தரையில் கிடந்தார்.

அதைப் பார்த்துவிட்டு இரண்டு வகையாகப் பேசுகிறார்கள். ஒன்று, 'எல்லாம் டுபாக்கூர்'. இன்னொன்று, 'நிஜ ஆசான்கள் வெளியே வரமாட்டாங்க'. இரண்டுமே சோம்பேறித்தனம். ஆனால் என் சண்டை இரண்டாவது கோஷ்டியோடுதான். ஏனென்றால் அவர்கள்தான் இந்தக் கலையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதைச் சாகடிக்கிறார்கள்.

தமிழில் நாம் 'உள்சக்தி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சீனத்தில் அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ச்சி' என்பது மூச்சு, காற்று, உயிர்ப்பு. 'ஜின்' என்பது பழகிப் பழகி உருவான விசை. வெறும் தசைபலத்துக்கு 'லி' என்று தனிச்சொல் உண்டு. லி பிறவியிலேயே வரலாம், ஜின் பயிற்சியில்தான் வரும். உள்முகக் கலைகள் தேடும் 'நெய்ஜின்' இந்த ஜின்தான். (நெய் என்றால் 'உள்'. தமிழில் எழுதும்போது தோசை ஞாபகம் வருவதற்கு நான் பொறுப்பில்லை.) இன்னொன்று, தாய்ச்சியில் இருக்கும் 'ச்சி'க்கும் மூச்சான ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு எழுத்து, 'உச்சம், எல்லை' என்று பொருள். இந்தக் குழப்பத்தில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

சரி, மூச்சுக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது, நிறையவே. தலைகீழ்ச் சுவாசம் என்று ஒரு பயிற்சி. மூச்சை இழுக்கும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுக்க வேண்டும், விடும்போது அது வெளியே விரிய வேண்டும். குழந்தை தூங்கும்போது மூச்சு விடுவதற்கு நேரெதிர். மாதக்கணக்கில் இதைச் செய்தால் உதரவிதானமும் வயிற்றுச் சுவரும் சொன்னபடி கேட்கும் தசைகளாகின்றன. குத்தும் கணத்தில் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது, முதுகெலும்பு நிலைகொள்கிறது. கால் தரையைத் தள்ளுவதால் எழும் விசை இடுப்பில் கசிந்து வீணாகாமல் முஷ்டிவரை போகிறது. ஜிம்மில் பெல்ட் கட்டி மூச்சைப் பிடித்து டெட்லிஃப்ட் அடிக்கிற பையனும் இந்த அழுத்தத்தைத்தான் பயன்படுத்துகிறான். வித்தியாசம், அவன் ஒரே இடத்தில் நின்று இறுகிக்கொள்கிறான். உள்முகக் கலைஞர் தோள் தளர்ந்தபடி, நகர்ந்துகொண்டே, தேவையான கணத்துக்கு மட்டும் அதைச் செய்யப் பழகுகிறார். அந்த நேரக்கணக்கு கைவரத்தான் வருடங்கள் ஆகின்றன. மூச்சுப்பயிற்சி மட்டும் செய்தால் மனம் அமைதியாகும். நல்ல விஷயம்தான். ஆனால் எவனையும் தள்ள முடியாது.

'நம்ம ஆளு கொடுத்ததுடா' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய் ஷாவோலினுக்கு இதைக் கற்றுத்தந்தார் என்ற கதை '7ஆம் அறிவு' வந்த 2011க்குப் பிறகு இங்கே வரலாறாகவே ஆகிவிட்டது. அவர் பெயரில் வழங்கும் 'யீஜின் ஜிங்' என்ற தசைநாண் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பழைய முன்னுரைகள் போலி என்று சீன அறிஞர்களே எப்போதோ காட்டிவிட்டார்கள். உள்முகம், வெளிமுகம் என்று பிரித்துப் பேசும் பழைய ஆவணமும் அதே நூற்றாண்டுதான்: 1669இல் ஹுவாங் சோங்ஷி எழுதிய ஒரு கல்லறை வாசகம். மஞ்சு ஆட்சியை எதிர்த்தவர் அவர். ஷாவோலின் வெளியிலிருந்து வந்த பௌத்தத்தின் மடம், வூதாங் மண்ணின் தாவோ மரபு. அந்தப் பிரிவினைக்குள் அரசியல் இருந்தது என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. சீன விவசாயிகளும் காவல்காரர்களும் தலைமுறைகளாக உடம்பைத் தேய்த்துக் கண்டதை ஒரு துறவியின் கணக்கில் வரவு வைப்பது பெருமையா?

எங்கள் துறையில் ஒரு நகைச்சுவை உண்டு. பயனருக்கு மென்பொருள் ஓடவில்லை என்றால் எழுதியவர் சொல்வார், 'என் மெஷின்ல ஓடுதே'. ஒரு வாரயிறுதிப் பட்டறையில் ஆசான் கையை வீசினார், அவருடைய மாணவர்கள் தொடாமலே வரிசையாகச் சரிந்தார்கள். என் முறை வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். 'உங்களுக்குச் சந்தேகம் இருக்கு சார், அதான் ஏறல' என்றார். அந்த மாணவர்கள் நடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆசான் முன்னால் விழவேண்டும் என்பதை அவர்கள் உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. ஒருவிதத்தில் அதுவும் பயிற்சிதான், விழுவதற்கான பயிற்சி. ஒருநாள் தெருவில் எவனாவது கைநீட்டும்போது அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

இத்தனைக்கும் சோதனை முறையை மரபே கையில் கொடுத்திருக்கிறது. தாய்ச்சியில் 'துய்ஷோ' என்று ஒன்று. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, ஒருவர் நிலையை ஒருவர் குலைக்கப் பார்ப்பது. எதிரே இருப்பவர் உண்மையாகவே விட்டுக்கொடுக்காவிட்டால் உங்கள் மூச்சு எங்கே சிக்குகிறது, தோள் எங்கே இறுகுகிறது என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். கலைக்கு வேறு மாதிரியான சோதனையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 195 பார்கின்சன் நோயாளிகளை வைத்து 24 வாரம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ச்சி பழகியவர்கள் உடல்சமநிலையில் மற்ற இரு பிரிவினரையும் விட முன்னேறியிருந்தார்கள். வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே கீழே விழுந்தார்கள்.

அடுத்த பட்டறைக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஆசானிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: 'மாஸ்டர், உங்களைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாமா?'