பொறி போன பின்னும்

இங்கிலாந்தின் நிலங்களையும் உழவு மாடுகளையும் ஆலைகளையும் கணக்கெடுத்து 1086இல் ஆட்டுத்தோலில் எழுதிவைத்த டூம்ஸ்டே ஏடு இன்றும் லண்டனின் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பழைய லத்தீன் எழுத்துப் பழக்கமுள்ளவர் அதைப் படித்துவிடலாம். அதன் 900ஆம் ஆண்டையொட்டி, தன் காலத்துக்கும் அப்படியொரு பதிவேடு வேண்டுமென்று 1986இல் பிபிசி ஒன்றைத் தொகுத்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அதில் பங்கெடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரின் கடைகளையும் வயல்களையும் அன்றாட வாழ்வையும் எழுதியனுப்ப, எல்லாம் படங்களோடும் வரைபடங்களோடும் லேசர் வட்டுகளில் ஏறின. அவற்றைத் திறக்க ஏகார்ன் நிறுவனத்தின் கணினியொன்றும் பிலிப்ஸின் தனி வட்டு இயக்கியும் தேவைப்பட்டன. விலையோ எழுதிக்கொடுத்த பள்ளிகளுக்கே கட்டுப்படியாகவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வட்டுகள் இருந்தன, படிக்கும் பொறிகள் அருகிவிட்டன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கணினியின் நடத்தை முழுவதையும் மென்பொருளாக எழுதிப் புதிய கணினிக்குள் ஓடவிட்ட பிறகே, அந்தப் பிள்ளைகள் எழுதியவை மீண்டும் திரைக்கு வந்தன. தோல் ஏட்டுக்கு ஒன்பது நூற்றாண்டு ஆயுள். அதன் வாரிசுக்கு இருபதாண்டு தாங்குவதே பெரும்பாடாயிற்று.

ஒரு கணினிக்குள் இன்னொன்றை உயிர்ப்பிக்கும் எமுலேட்டர் என்னும் இந்தக் கலையைப் பழைய விளையாட்டுகளின்மேல் ஏக்கங்கொண்ட இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர் பலர். ஆனால் அது பிறந்தது வணிகத்தின் அச்சத்தில். 1959இல் வந்த ஐபிஎம் 1401 ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிரல்களைத் தன் பொறிக்கு மாற்றித் தருவதாக 1963 இறுதியில் போட்டி நிறுவனமான ஹனிவெல் வாடிக்கையாளர்களை அழைத்தது. 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை, 1401 நிரல்களை அப்படியே ஓட்டும் ஏற்பாட்டோடு வந்தது. பிறகு இதே கதைதான் பெயர் மாறி நடந்துகொண்டிருக்கிறது. ஆப்பிள் 1994இலும் 2006இலும் 2020இலும் தன் கணினிகளின் சிப்பை அடியோடு மாற்றியது. மூன்று முறையும் பழைய மென்பொருள் கடந்துவர ஒரு பாலம் போட்டது. ஆனால் 2006இல் போட்ட பாலம் 2011லேயே எடுக்கப்பட்டுவிட்டது. வியாபாரம் அக்கரை சேர்ந்ததும் பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கேட்பாரில்லை. இதில் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. நிறுவனங்களின் இயல்பு அது, அறுபது ஆண்டாக மாறாத இயல்பு.

பின்னால் நின்றவர்களை ஏற்றிவந்தவர்கள் வேறு ஆட்கள். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய மாமே என்ற எமுலேட்டர், காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிகளின் உள்ளமைப்பை ஆவணப்படுத்துவதையே தன் நோக்கமாகச் சொல்கிறது. விளையாட முடிவது அதன் பக்கவிளைவாம். 2002இல் வெளியான டாஸ்பாக்ஸ், பழைய டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு ஒரு பொய்யுலகத்தைக் கட்டித்தருகிறது. விண்டோஸின் 64 பிட் பதிப்புகள் பழைய 16 பிட் நிரல்களைத் திறக்கவே மறுத்த பின் அதன் தேவை கூடியது. முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதிய விளையாட்டுகள் பல. புதிய கணினியில் நேரே ஓடவிட்டால், நாம் விசையைத் தொடுமுன் ஆட்டம் முடிந்திருக்கும். ஆகவே டாஸ்பாக்ஸ் பழைய ஒலி அட்டையின் குரலில் பேசுவதோடு, இன்றைய பொறியின் வேகத்தையும் வேண்டுமென்றே குறைத்துக் காட்டுகிறது. வேகத்தைக் கூட்டவே அறுபதாண்டு உழைத்த ஒரு துறையில், பொறுமையாக வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்ட இவர்களை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

பதிப்புரிமை உலகம் எமுலேட்டர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள் செய்த கனெக்டிக்ஸ்மேல் சோனி வழக்குத் தொடுத்தது. 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. மறு ஆண்டே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. அதே சோனி 2018இல் பழைய ஆட்டங்களோடு பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சிறு பெட்டியை விற்றபோது, உள்ளே ஓடியது ஆர்வலர்கள் எழுதி இலவசமாக வெளியிட்டிருந்த எமுலேட்டர். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துகாட்ட அனுமதி கேட்டபோது, 2024இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

அனுமதி வரும்வரை காந்தத் தகடுகள் காத்திருப்பதில்லை. 1989இல் ஆப்பிள் II கணினிக்காக பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எழுதிய ஜோர்டன் மெக்னர், அதன் மூலநிரல் தொலைந்தது என்றே நினைத்திருந்தார். 2012இல் அவருடைய தந்தை வீட்டு அலமாரியிலிருந்து சில பிளாப்பிகளை எடுத்துக்கொடுத்தார். பழைய பொறிகளைப் பாதுகாப்போர் சிலர் கூடி அவற்றைப் படித்தெடுத்தார்கள். இன்று யாரும் பார்க்கும்படி மூலநிரல் வெளியே இருக்கிறது. இன்னும் சில ஆண்டு தாமதித்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ.

தமிழிலும் இந்த அலமாரிகள் உண்டு. யூனிகோடு பரவுமுன் பாமினி, டிஸ்கி, டேப் என்று ஆளுக்கோர் குறியாக்க எழுத்துருவில் தட்டெழுதிய மலர்களும் ஆய்வேடுகளும் கதைகளும் பிளாப்பியிலும் குறுந்தகட்டிலும் முடங்கிக் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் நிறையும். உங்கள் வீட்டில் அப்படியொரு தகடு இருந்தால் இந்த மாதமே அதை முழுமையாக நகலெடுத்து வையுங்கள். கோப்புகளோடு அவற்றை எழுதிய மென்பொருளையும் எழுத்துருவையும் சேர்த்தே வையுங்கள்.