டாக்டர் கிறீனும் நம்ம டிஸ்சார்ஜ் சம்மரியும்

வெளிநாட்டுக்குப் போற மிஷனரி டாக்டர்னதும் நமக்கு வர்ற படம் ஒண்ணுதான். ஒரு கையில் பைபிள், இன்னொரு கையில் மருந்துப் பெட்டி. படம் தப்பில்லை. ஆனா அதுல ஒரு எழுதுமேஜையும் இருக்கணும். அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சாமுவேல் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர். 1847இல் அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அப்போ அவருக்கு வயசு 24. அடுத்த வருஷமே மானிப்பாயில் மருத்துவ வேலையைத் தொடங்கிட்டார். கட்டி கீறணும், புண்ணுக்கு மருந்து கட்டணும், காலரா வந்தா ஊர் ஊரா ஓடணும், சிக்கலான பிரசவத்துக்குக் கூப்பிட்டா ராத்திரியிலும் போகணும். ஒரு ஆளால எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அதனால ஆரம்பத்திலேயே உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். ஆங்கிலத்தில்தான்.

இங்கதான் ஒரு பிரச்சினை. ஆங்கிலத்தில் படிச்சவங்களை நல்ல சம்பளம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது. கிராமத்துல தங்க ஆள் குறைவு. (கேட்ட கதை மாதிரி இருக்கா?) கிறீன் கண்ட வழி, வைத்தியத்தையே தமிழுக்குக் கொண்டுவர்றது. 1864 முதல் வகுப்பே தமிழில்.

வகுப்புக்குப் புத்தகம் வேணுமே! அதுக்காக அவரும் அவர் மாணவர்களும் செஞ்ச வேலையைப் பாருங்க. பிரசவ வைத்தியம் 1857. இரண வைத்தியம், அதாவது சர்ஜரி, 1867. இன்னிக்கும் மெடிக்கல் காலேஜ் பையன்கள் தூக்கிட்டு அலையுற கிரேஸ் அனாட்டமி இங்கிலாந்தில் முதலில் வந்தது 1858இல். 1872இல் அது தமிழில் வந்தாச்சு, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில். பதினாலே வருஷம்! இதையெல்லாம் நோயாளி பார்த்த நேரம் போக மீதி நேரத்துல செஞ்சாங்க.

"தமிழ்ல அதுக்கெல்லாம் வார்த்தை ஏது டாக்டர்?" இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பழக்கம். கேட்கிறவர் பெரும்பாலும் இன்னொரு டாக்டராத்தான் இருப்பார். கிறீன் இதுக்கு ரொம்ப அலட்டிக்கலை. தமிழ்ச் சொல் கிடைச்சா அது, இல்லைன்னா வடசொல், அதுவும் இல்லைன்னா ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்துல எழுதிட்டுப் போயிட்டார். 1875இல் வந்த வேதியியல் புத்தகத்தின் பெயர் ‘கெமிஸ்தம்’. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனா சுத்தத் தமிழ்ச் சொல் கிடைக்கட்டும்னு உட்கார்ந்திருந்தா புத்தகமே வந்திருக்காது.

"மதம் மாத்தத்தானே வந்தாரு?" ஆமாம், அதுக்குத்தான் வந்தார், அதை மறைக்கவும் இல்லை. தன் கல்லறையில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருளில் பொறிக்கச் சொன்னவர். அவர் நோக்கத்தை நீங்க ஏத்துக்கணும்னு நான் சொல்லலை. எனக்கு உறுத்துறது வேற. அந்நியர் ஒருத்தர், தான் சொல்றது எதிர்ல இருக்கிறவருக்குப் புரியணும்னு ஒரு மொழியையே கத்துக்கிட்டார். பிறந்ததிலிருந்து அந்த மொழியைப் பேசுற நாம, வெள்ளைக் கோட்டைப் போட்டதும் அதைக் கழட்டி வெச்சிடறோம்.

இன்னிக்கு எம்.பி.பி.எஸ். படிப்பைத் தமிழில் நடத்தணுமாங்கிறது பெரிய விவாதம், அதுக்குள்ள நான் போகலை. நான் கேட்கிறது சின்ன விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரி. நாலு பக்கம் ஆங்கிலம். அதுல ‘எஸ்.ஓ.எஸ்.’னு எழுதினா ‘தேவைப்பட்டா மட்டும்’னு அர்த்தம். அதைத் தினமும் மூணு வேளை முழுங்கி, வயித்துப் புண்ணோட வந்தவங்களைப் பார்த்திருக்கேன். ஆபரேஷன் சம்மதப் படிவத்துல கைநாட்டு வைக்கிற அம்மாவுக்கு எந்த உறுப்பை எடுக்கப்போறாங்கன்னு தெரியாது. கேட்டா, "டாக்டர் சொன்னாரு, வெச்சேன்". இதுக்குப் பேரு சம்மதமா?

நேரமில்லைன்னு என் சக டாக்டர்கள் சொல்வாங்க. உண்மைதான், ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடைக்கிறதில்லை. ஆனா மாத்திரைப் பட்டியலைத் தமிழில் அச்சடிச்சுக் கொடுக்க டாக்டரோட நேரம் தேவையில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு தடவை உட்கார்ந்து யோசிச்சாப் போதும்.

கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். அங்க போயும் தமிழ் மொழிபெயர்ப்பை விடலை. உடலியல் புத்தகம் அச்சாகி வந்தது 1883இல். மறு வருஷம் இறந்துட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கியிருந்தார்.

அடுத்த முறை நீங்களோ உங்க வீட்டுல யாராவதோ டிஸ்சார்ஜ் ஆகும்போது அவசரப்பட்டுக் கிளம்பாதீங்க. இந்த மாத்திரை எதுக்கு, எத்தனை நாளைக்கு, என்ன ஆனா உடனே திரும்பி வரணும்னு தமிழ்லயே கேளுங்க. சொல்றதைச் சீட்டுக்குப் பின்னாடி தமிழ்ல எழுதித் தரச் சொல்லுங்க. டாக்டர் முகம் சுளிச்சா நர்ஸ் சிஸ்டர்கிட்ட கேளுங்க. அவங்க எழுதித் தருவாங்க.