கணிக்க முடியாத சந்தை, கணிக்க முடிந்த நட்டம்

1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர், கணினியில் 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று உள்ளிட்டார். மிகச் சிறிய வேறுபாடுதான். ஆனால் கணினி காட்டிய வானிலை, முந்தைய கணக்கோடு ஒட்டும் உறவும் இல்லாமல் பிரிந்து போனது. விதிகள் தெரிந்திருந்தாலும் நீண்ட கால முன்கணிப்பு கைகூடாது என்ற கேயாஸ் கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது.

பங்குச் சந்தை இன்னும் சிக்கலானது. மழை வரும் என்று சொல்வதால் மேகம் மாறிவிடாது. விலை விழும் என்று பலர் நம்பினாலே விலை விழும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. 'விலை இறங்கினால் விற்றுவிடு' என்ற ஒரே உத்தியைப் பல நிறுவனங்கள் பின்பற்றியது காரணங்களில் ஒன்று. ஒவ்வொரு விற்பனையும் அடுத்த விற்பனையைத் தூண்டியது. சந்தை கணித இலக்கணப்படி கேயாஸ்தானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அது நேர்கோட்டில் நடப்பதில்லை என்பதில் ஐயமில்லை.

இந்தச் சந்தையைத்தான் 'சார்ட் பார்த்தால் நாளைய நிஃப்டி தெரியும்' என்று யூடியூபில் விற்கிறார்கள். கைரேகையைக் கேலி செய்யும் நம் இளைஞர்கள் பலரும் கேண்டில்ஸ்டிக் கோடுகளை நம்புகிறார்கள். ஜோசியம் திரை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் வணிகம் செய்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர், ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று சொன்னவர்கள். அதே ஆண்டில் லாபம் பார்த்தவர்கள் யார்? சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும். அந்த லாபத்தில் பெரும்பகுதி அல்காரிதம் வழியே வந்தது.

அவர்களுக்கும் எதிர்காலம் தெரியாது. வேகமான கணினியும், நட்டத்தைத் தாங்கும் மூலதனமும் இருக்கின்றன. கடன் வாங்கி வந்தவர் ஒரு சரிவில் வெளியேறுகிறார். அவர்கள் அடுத்த நாளும் வருகிறார்கள்.

நாளைய விலையை எவராலும் சொல்ல முடியாது. தோற்பது யார் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்றால், அதற்கு இயற்கையின் குழப்பத்தைக் காரணம் காட்ட முடியாது. அது மனிதர்கள் வகுத்த ஏற்பாடு, மாற்றவும் முடியும். 2024 அக்டோபரில் செபி ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது ஒரு வேலி. வேலி மட்டும் போதாது. சம்பளம் போதாத இளைஞருக்கு இது ஒரு வழியாகத் தெரிவது ஏன் என்பதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும். அதுவரை, நாளைய விலையை அறிந்தவராகப் பேசும் எவரிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வருமானம் சந்தையிலிருந்து வருகிறதா, எங்களிடமிருந்து வருகிறதா?