திறப்பு யாரிட்ட இருக்கு?

போன செமஸ்டர் இடம்பெயர்வு அனுபவங்களைக் கேட்டு ஆச்சிமாரின் குரல்களைப் பதிவு செய்தோம். எல்லாவற்றையும் மைக்ரோசொப்டின் அஸூரில், ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தோம். அவற்றை எழுத்தாக்கி, எந்த ஊர்ப்பெயர் எத்தனை தரம் வருகிறது என்று பார்க்க, அந்தக் கணக்கைப் பகுப்பாய்வுச் சேவை ஒன்றோடு இணைக்க வேண்டியிருந்தது. கணினி படிக்கிற நண்பன் பைதனில் ஏழெட்டு வரி எழுதித் தந்தான். வேலை செய்தது. எங்களுக்குப் பெரிய புளுகம்.

அந்த வரிகளுக்குள் நீளமாய் ஒரு எழுத்துக் கோவை இருந்தது. அதுதான் கணக்கின் திறப்பு. ஒரு அறைக்கானதல்ல, முழு வீட்டுக்குமானது. அதை வைத்திருப்பவர் உள்ளேயுள்ள எதையும் கேட்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். எங்கட கோட் அப்போது மூன்று மடிக்கணினிகளிலும் ஒரு வட்ஸ்அப் குழுவிலும் கிடந்தது. "உதை ஆர் பிள்ளை கேப்பினம்?" என்று ஒரு ஆச்சி கேட்டவ. "நாங்கள் மட்டுந்தான்" என்று சொல்லியிருந்தோம்.

"நாங்கள் ஆர்ட்ஸ், உது எங்களுக்கு விளங்காது" என்று தப்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆச்சிக்கு வாக்குக் கொடுத்தது கோட் எழுதினவன் இல்லை.

விளங்கினவர்களும் விடுகிற பிழைதான் இது. மைக்ரோசொப்டின் ஆராய்ச்சியாளர்களே கிட்ஹப்பில் சில கோப்புகளைப் பகிரப்போய், முழுக் கணக்கையும் திறக்கும் இணைப்பைப் போட்டுவிட்டார்கள். 38 டெராபைட் தரவு, ஊழியர்களின் கணினிப் பிரதிகள் உட்பட, வெளியில் தெரிந்தது. அந்த இணைப்பின் காலாவதி 2051! விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 செப்டெம்பரில் இதை வெளியிட்டது.

பரிகாரம் அப்படியொன்றும் கஷ்டமில்லை. பகுப்பாய்வுச் சேவைக்குத் தனி அடையாளம் ஒன்றைக் கொடுத்து, பதிவுகள் உள்ள அந்த ஒரு கொள்கலனை வாசிக்க மட்டும் அனுமதிக்கலாம். கோட்டில் திறப்பே தேவையில்லை. வேண்டாமென்றால் அனுமதியை எடுத்துவிடலாம். அஸூர் ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு திறப்புத் தருவதும் சும்மா இல்லை: வேலையை ஒன்றுக்கு மாற்றிவிட்டு மற்றதைப் புதுப்பிக்கலாம். நாங்கள் ஒரு இரவிலேயே இரண்டையும் மாற்றினோம். பழைய கோட் ஓடாமல் நின்றபோதுதான் நிம்மதி.

நாங்கள் நிரப்பின ஆய்வு ஒழுக்கப் படிவத்தில் "தரவை எங்கே வைப்பீர்கள்?" என்றொரு கேள்வி இருந்தது. "யார் யார் திறக்கலாம், எதுவரைக்கும்?" என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த பட்ச் நிரப்ப முதல் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லித் துறைக்கு எழுதுகிறோம்.