கையை விடுங்கள்

புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பள்ளியிலோ பட்டிமன்றத்திலோ கேட்டிருப்போம். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. நெய்ச்சோற்றில் கைவிட்டுக் கிளறி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாவிட்டால், எவ்வளவு செல்வம் இருந்தும் வாழ்நாள் வீண் என்கிறான் அந்த அரசன். மேடையில் யாராவது சொன்னால் கைதட்டுகிறோம். வீட்டில் பிள்ளை அதையே செய்தால் கையைத் தட்டிவிடுகிறோம்.

இன்று நம் வீடுகளில் ஒன்றரை வயதுப் பிள்ளை சாப்பிடுவது எப்படி? எதிரே கைப்பேசி, அதில் ஏதோ ஒரு கார்ட்டூன் பாட்டு, பக்கத்தில் சோற்றுருண்டையோடு ஒரு கை. கண் திரையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். “இன்னிக்கு முழுசா சாப்பிட்டுட்டான்” என்று பாட்டி பெருமைப்படுவார். என்ன சாப்பிட்டான், புளித்ததா இனித்ததா என்று அவனுக்கே தெரியாது. மாமாக் கடையிலும் இதே காட்சிதான். அங்கே கைப்பேசி சில்லி சாஸ் போத்தலில் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் மிதவை எழும்பினால் வால்வு மூடிக்கொள்ளும். மிதவையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல என்னைப் போல எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. போதும் என்று பிள்ளை முகத்தைத் திருப்புவது அந்த மிதவை. அதைத்தான் திரையால் கட்டுகிறோம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி என்று கணக்குப் போட்டாலே எல்லை தாண்டிவிடுகிறது.

“ஆனா ஒரு வயசுக்கு மேல சாப்பிடவே மாட்டேங்குதே!” மாட்டாதுதான். 3 கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். அடுத்த ஆண்டு முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோ. வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையும். இந்தச் சாதாரண விஷயத்தை நோயாக்கி, ‘செலெரா’ கூட்டும் சிரப்பும் ஃபார்முலா பாலும் வாங்குகிறோம். பாலை வயிறு முட்டக் குடித்த பிள்ளை சோற்றை எதற்குத் தேடும்?

நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு சொன்னது. அது நிஜமான பிரச்சினை. வறுமையும் அதில் இருக்கிறது. ஆனால் வெறும் சோற்றையும் ரசத்தையும் கூடுதலாக நாலு வாய் திணிப்பதால் அது தீராது. கிண்ணத்தில் முட்டை இருக்கிறதா, நெத்திலி இருக்கிறதா, பருப்பு கெட்டியாக இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன, எப்போது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். கீரையை இன்று துப்பினால் அடுத்த வாரமும் கொஞ்சம் வையுங்கள். பத்துத் தடவைக்கு மேல் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும்.

இதெல்லாம் அம்மாக்களுக்குத் தெரியாமல் இல்லை. திணிக்க வைப்பது சுற்றியிருக்கும் வாய்கள். திருமண வீட்டில் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்து, “என்னம்மா, இப்படி எளைச்சிருச்சு, சோறு போடுறியா இல்லையா?” என்று கேட்கும் மாமாக்களும் அத்தைகளும் ஒருநாளும் தரையில் சிந்திய சோற்றைத் துடைத்ததில்லை. அரசாங்க கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எடைக்கோடு இருக்கிறது. கோடு சீராக ஏறினால் பிள்ளை நன்றாக இருக்கிறது. ஏறவில்லை என்றால் பார்க்க அங்கே தாதி இருக்கிறார், மாமா வேண்டாம்.