வார்ப்புருவும் வேற்றுமை உருபும்

ஆயிரம் பக்கம் கொண்ட இணையதளத்தை இன்று எவரும் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை. 2008-இல் வந்த ஜெக்கில், 2013-இல் வந்த ஹியூகோ முதலிய கருவிகளுக்கு ஒரு வார்ப்புரு போதும். பெயர் வரவேண்டிய இடத்தில் இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் மாறியொன்றை இட்டுவைத்தால், தரவுக் கோப்பிலுள்ள பெயர்களைக் கருவியே எடுத்து நிரப்பிக்கொள்ளும். முதல்வர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். உழைப்பு மிச்சமாவதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இவ்வார்ப்புரு ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு பிறந்தது. அம்மொழியில் முன்னிடைச்சொல்லை அடுத்து வரும் பெயர் தன் வடிவு திரியாது நிற்கும். நம் மொழியிலோ உருபு பெயரோடு புணரும். மாறியை அடுத்து ‘ஐ’ என்று எழுதிவைத்தால் ‘பாத்திமாஐ’ என்றும், ‘இல்’ என்று எழுதிவைத்தால் ‘மன்றம்இல்’ என்றும் பக்கம் விளையும். ‘பாத்திமாவை’ என்பதற்கு உடம்படுமெய்யும், ‘மன்றத்தில்’ என்பதற்கு அத்துச் சாரியையும் வேண்டும் என்பதைக் கருவி அறியாது. தொல்காப்பியத்து உருபியலைப் பயின்ற நம் மாணவர் அறிவர்.

பெயருக்குப்பின் ‘அவர்களை’ என்று சேர்த்துச் சிலர் தப்பித்துக்கொள்கின்றனர். (மரியாதையும் கூடுகிறது!) மன்றத்திற்கும் குளத்திற்கும் அது செல்லாது. ஒவ்வொரு பெயருக்கும் எழுவாய் வடிவையும் உருபேற்ற வடிவங்களையும் தனித்தனி மாறிகளாகத் தரவுக் கோப்பிலேயே எழுதிவைப்பதுதான் நேரிய வழி என்பது என் கருத்து. வேலை சற்றுக் கூடும், கூடட்டும். நம் துறையின் பக்கங்களை அமைக்கும்போது, அக்கோப்பைக் கணினித் துறையாரிடம் விட்டுவிடாது, நம் இளங்கலை மாணவரே எழுதித் தரவேண்டும்.