கடலுக்கு வழிவிட்ட கோயில்



2004 டிசெம்பருக்குப் பிறகு நான் கடலில் கால் வைத்ததில்லை. என் அம்மாவைக் கொண்டுபோன கடல் அது. சென்ற ஆண்டு ஒரு பயிற்சிக்காக ஜப்பானின் ஹிரோஷிமா நகருக்குச் சென்றிருந்தேன். "நாளைக்குக் கடலுக்குள் நிற்கும் கோயிலைப் பார்க்கப் போகிறோம்" என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மியாஜிமா தீவுக்குப் படகில் பத்து நிமிடம். கண்ணை மூடிக்கொண்டே போனேன். திறந்தபோது, கடலுக்குள் ஒரு பெரிய சிவப்பு வாயில். மரத்தாலானது, உயரம் ஏறக்குறைய 16 மீற்றர், 1875 இல் கட்டப்பட்டது. அதன் கால்களை மண்ணில் ஆழப் புதைக்கவில்லை. மேல் உத்தரத்துக்குள் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். தன் பாரத்திலேயே அது நிற்கிறது.

இத்சுகுஷிமா என்னும் இந்த ஷிண்டோ கோயில் மூன்று பெண் தெய்வங்களுக்கு உரியது. 1168 அளவில் தைரா நோ கியோமோரி என்ற பிரபு இதைப் பெரிதாகக் கட்டுவித்தார். தீவே புனிதமானது என்பதால் நீரின் மேல் எழுப்பினார்களாம்.

நடைபாதைப் பலகைகளுக்கு இடையே சிறு இடைவெளிகள் இருந்தன. "சரியாகப் பொருத்தவில்லையா?" என்று வழிகாட்டிய அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். கடல் பெருகிப் புயல் அடிக்கும்போது நீர் அந்த இடைவெளிகளால் ஏறி இறங்கிவிடும். அடைத்து வைத்தால் தளத்தையே பெயர்த்துவிடும் என்றார். அப்படியிருந்தும் 1991 புயலிலும் 2004 செப்டெம்பர் புயலிலும் சில கட்டடங்கள் விழுந்தன. திரும்பவும் கட்டினார்கள். வாயிலையும் 2019 முதல் 2022 வரை திருத்தினார்கள்.

அவர்களுக்கும் 2004. அவர்கள் கடலை மறிக்கவில்லை, உடைந்ததைத் திருத்தினார்கள். நானோ இத்தனை வருடமாக அழுகையை மறித்து வைத்திருந்தேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முன்னைய காலத்தில் பிள்ளைப்பேறு நெருங்கிய பெண்களை அக்கரைக்கு அனுப்பிவிடுவார்களாம். துடக்கு! பெண் தெய்வங்களின் தீவிலும் பெண்ணுக்கு இந்த நிலைதான்.

கடைவீதி நிறைய மரத்தாலான சோற்று அகப்பைகள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தீவு மக்களுக்குத் தொழில் இல்லாதபோது செய்ஷின் என்ற துறவி இதைச் செய்யப் பழக்கினாராம். பென்சைத்தென் என்ற தெய்வம் ஏந்தியிருக்கும் இசைக்கருவியின் வடிவம் இது. பென்சைத்தென் வேறு யாருமல்ல. பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன நமது சரஸ்வதிதான்! ஒரு மரத்துண்டு பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. நானும் ஒன்று வாங்கினேன்.

மாலையில் கடல் வற்றியது. எல்லோரும் வாயில் வரை நடந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றினேன். கணுக்காலில் நீர் பட்டதும் அம்மா என்று அழுதுவிட்டேன். வழிகாட்டிய அம்மா ஏன் என்று கேட்கவில்லை. தன் லேஞ்சியை நீட்டினார்.

சகோதரிகளே, அழுகை வந்தால் மறிக்காதீர்கள். அது வந்து போகட்டும். பிறகு எழுந்து அடுப்பை மூட்டுவோம். அந்த அகப்பையால்தான் இப்போது என் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.